கல்லாவிக்குக் குடிபோகும் பேச்சு

ஓசூரைக் காலி செய்துவிட்டுக் கல்லாவிக்குப் போய்விடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுகிற மனிதர். சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்டாலும் ஆட்டுவார், அடுத்த வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் ஆட்டுவார். கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, போன வருஷம்தான் ரிட்டயர் ஆனார். காது அதற்கு முன்பே ரிட்டயர் ஆகிவிட்டது.

பிரஸ் ஷாப்பை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். அன்றைக்கு மெஷின் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு சும்மா நின்றது. எங்களுக்குக் காட்டுவதற்காக ஒன்றை மட்டும் ஓட்டினார்கள். இரும்புத் தகட்டை அச்சில் வைக்க வேண்டியது, மேலிருந்து ஒரே அடி, தகடு கதவாகவோ மூடியாகவோ வெளியே வரும். அந்த ஒரு அடிக்கே என் வயிற்றில் இருந்ததெல்லாம் குலுங்கியது. அப்படி வரிசையாக அத்தனை மெஷினும் நாள் பூராவும் அடித்தால் காது எப்படி மிஞ்சும்? காதுக்குள் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுக்காமல் இல்லை. அதை வைத்தால் அச்சில் விரிசல் விடுகிற சத்தம் தெரியாது என்று ஒருத்தரும் வைத்துக்கொள்ளவில்லை. ரிட்டயர் ஆனதும் மகள் காது மிஷின் வாங்கிக் கொடுத்தாள். அதை மாட்டினால் பேச்சு கேட்பதற்குப் பதிலாகத் தட்டு விழுகிற சத்தமும் என் கிரைண்டர் சத்தமும்தான் மண்டைக்குள் இறங்குகிறதாம். அது இப்போது பீரோவில் இருக்கிறது.

ஆக, வீட்டில் பேச்சு என்று ஒன்று கிடையாது. நான் எதிரே போய் நின்று, வாயை நன்றாக அசைத்து, ரெண்டு வார்த்தை சொன்னால் பிடித்துக்கொள்வார். மூன்றாவது வார்த்தைக்குத் தலையாட்டல் வந்துவிடும். மனஸ்தாபம் எல்லாம் இல்லை. நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷனோடு ஒரே வீட்டில் பேச்சில்லாமல் இருந்து பார்த்தால்தான் அது என்ன அவஸ்தை என்று தெரியும்.

தெருவிலாவது பேசலாம் என்றால் எங்கள் தெரு அப்படி. மாடியில் வீட்டுக்காரம்மா தெலுங்கு. இடது பக்கம் கன்னடம். எதிர் வீட்டில் வடக்கிலிருந்து வந்த பையன்கள், ஷிப்டுக்கு ஷிப்ட் முகம் மாறும். நான் இட்லி மாவு ஆட்டி விற்கிறவள், எல்லோரும் என் வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும். வந்தால், "ஊட்டா ஆய்த்தா?" என்பாள் இடது வீட்டுக்காரி. "ஆய்த்து" என்பேன். இருபது வருஷமாக எங்கள் சினேகிதம் சாப்பாடு ஆச்சா, ஆச்சு என்பதிலேயே நிற்கிறது. அவள் மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் மனசில் இருப்பதைக் கொட்ட அவளுடைய கன்னடமும் போதாது, என் கன்னடமும் போதாது. ஒரு சண்டை போட வேண்டும் என்றால்கூட நாலு வார்த்தையில் முடிந்துவிடுகிறது. சண்டையை ருசித்துப் போடச் சொந்த பாஷை வேண்டும்.

கல்லாவி என் சொந்த ஊர் இல்லை. நான் பிறந்தது பாரூர்ப் பக்கம். கல்லாவி என் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர், மாவட்டத்தின் தெற்கு ஓரம். கிராமம் என்றும் சொல்ல முடியாது, டவுன் என்றும் சொல்ல முடியாது. ஒரு பஸ் ஸ்டாண்டு, வாரச் சந்தை, மருந்துக் கடைகள், இரண்டு மூன்று கல்யாண மண்டபம். வெயில் காலத்தில் மண்டை பிளந்துவிடும். ஊர்ப்பாசம், மண்வாசனை என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வரும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பேச ஒரு ஆள். அது அங்கே இருந்தது. தங்கை வீட்டுக்கு ஒட்டினாற்போல் அவளுக்கே சொந்தமான இன்னொரு வீடு, கீழ் வீடு, போர் தண்ணீர். அதில் குடியிருந்த வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார். "அக்கா, நீ வந்துடு, நடுவுல சுவர்தான்" என்றாள். எனக்கும் முட்டி தேய்ந்துவிட்டது, எத்தனை நாளைக்கு மாவு அள்ளிக்கொண்டு இருப்பது? அன்றைக்கே மனசுக்குள் பாத்திரம் பண்டங்களைக் கட்டிவிட்டேன்.

பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொன்னேன். அப்பாவைக் கேட்டியா என்றாள். கேட்டேன், தலையாட்டிட்டார் என்றேன். அப்புறம், எதுக்கும் ரெண்டு நாள் அங்கே போய் இருந்து பாருங்க என்றாள். அதுவும் சரி என்று பட்டது.

கிருஷ்ணகிரியில் ஒரு பஸ் மாறி, ஊத்தங்கரையில் ஒரு பஸ் மாறி இருவரும் போய் இறங்கினோம். நான் இறங்கினதிலிருந்து பேசினேன். தங்கையோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேச்சு, பூக்கட்டிக்கொண்டே பேச்சு, அவள் மாமியார் செய்த பழைய கொடுமை எல்லாவற்றையும் திரும்பவும் ஒரு தடவை முதலிலிருந்து. பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அவளோடு வெங்காயம் விஷயத்தில் சின்னதாக ஒரு வாக்குவாதம்கூட வந்தது. எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா. தொண்டை கட்டிக்கொண்டது.

அவருக்கு வாசலில் ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் மரியாதையாக நின்று எப்போது வந்தீங்க, சௌக்கியமா என்று கேட்டார்கள். இவர் தலையாட்டினார். இரண்டாம் தடவை சத்தமாகக் கேட்டார்கள். இவர் இன்னும் சத்தமாக, "ஆமாமா" என்றார். அவருடைய குரல் பிரஸ் ஷாப் குரல், மெஷினுக்கு மேலே கேட்க வேண்டும் என்று பழகினது. ஒரு குழந்தை பயந்து அழுதது. சாயங்காலத்துக்குள் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவரைப் பற்றின எதையும் அவரிடம் கேட்பதை விட்டுவிட்டு என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அவருக்கு டீ வேணுமா, அவரு படுக்கறாரா, அவருக்குச் சர்க்கரை இருக்குதா. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சந்தை. காலாற நடந்துவிட்டு வாங்க என்று நான்தான் அனுப்பினேன். திரும்பி வரும்போது கையில் கால் கட்டிய இரண்டு சேவல். கோழிக்காரன் ஏதோ கேட்டிருக்கிறான், இவர் தலையாட்டியிருக்கிறார், அவன் இன்னொன்று வேணுமா என்று கேட்டிருக்கிறான், அதற்கும் ஆட்டியிருக்கிறார். தங்கை வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். சேவலை என்ன செய்வீங்க, தலைமாட்டில் கட்டிவெச்சுப்பீங்களா என்று கேட்டேன். அவரும் சிரித்தார், ஆனால் மற்றவர்கள் நிறுத்துகிற வரைக்கும் சிரித்துவிட்டு, அவர்கள் நிறுத்தியதும் நிறுத்தினார். பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஓசூரிலும் வந்த புதிதில் எனக்கு இப்படித்தானே இருந்தது.

ஊர் திரும்பினதும் நேரே நின்று கேட்டேன், கல்லாவி பிடிச்சிருக்கா என்று. "உனக்குப் புடிச்சா செரி" என்றார். அது போதும் என்று எனக்குத் தோன்றியது. ஆடி பிறந்துவிட்டதால் ஆவணியில் பால் காய்ச்சலாம் என்று தங்கை நாள் பார்த்தாள். சுண்ணாம்பு அடிக்க ஆள் விட்டாள். நான் மாவு வாங்குகிறவர்களிடம் சொல்லிவிட்டேன். மாடி வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் என்னவோ நீளமாகச் சொன்னாள். பாதி புரிந்தது. கிரைண்டரைக் கேட்டு ஒருத்தி வந்தாள், அவளுக்கே தருவதாகப் பேச்சு.

அந்த ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் அவர் தன் போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். தினமும் காலையில் போவார், சமையல் முடிகிற நேரத்துக்கு வருவார். அது கம்பெனி ரோட்டில் இருக்கிற கடை, ஆம்பிளைகள் கூடுகிற இடம், நான் அந்தப் பக்கம் போனதே கிடையாது. காது கேட்காத மனிதர் அத்தனை நேரம் அங்கே என்ன செய்கிறார் என்று நான் யோசித்ததும் இல்லை. பேப்பர் பார்ப்பார் என்று ஒரு எண்ணம். அன்றைக்கு மகள் அந்தப் போனில் இரண்டு தடவை கூப்பிட்டு, பேத்திக்குப் பள்ளிக்கூட விழா, அப்பாவிடம் வீடியோவில் காட்ட வேண்டும் என்றாள். சரி, கொண்டுபோய்க் கொடுப்போம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். லாரி போய்க்கொண்டிருந்தது, அதனால் மட்டும் இல்லை. எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் இவரோடு வேலை பார்த்தவர்கள், சிலரை முகம் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கைகள்தான் ஓடின. என் வீட்டுக்காரர் நடுவில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு விரலால் தோளைத் தட்டினார், மூக்குக்குக் கீழே கட்டைவிரலால் இழுத்தார், உள்ளங்கையில் முஷ்டியால் குத்தினார், பிறகு ஒரு ஆள் நடக்கிற நடையை அப்படியே நடந்து காட்டினார். பெஞ்சு பூராவும் குலுங்கிச் சிரித்தது. ஒருத்தர் குறுக்கே கையை நீட்டி என்னவோ மறுத்தார். இவர் அவர் கையைத் தட்டிவிட்டு, இல்லை, நடந்தது இதுதான் என்கிற மாதிரி விடாமல் வாதாடினார். கண், புருவம், தோள் எல்லாம் பேசியது. வீட்டில் சோற்றுக்கும் உப்புக்கும் தலையாட்டுகிற மனிதர் இங்கே அடங்காத வாயாடியாக இருந்தார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. பொறாமை. நன்றாக, வயிறு எரிகிற பொறாமை. இத்தனை பேச்சு வைத்திருக்கிற ஆள் எனக்கு ஒரு விரலைக்கூட ஆட்டினது இல்லையே என்று இருந்தது.

இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற ஒருவர் யூனிபாரத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றார். இவருக்குக் கீழே வேலை கற்றவர், வயதில் சின்னவர், இன்னும் காது நன்றாக இருக்கிறது. என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார். அண்ணனைக் கூப்பிடட்டுமா என்றார். வேண்டாம், அது என்ன கையால் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியம். ஷாப்பில் சத்தத்துக்கு நடுவே வாயால் பேச முடியாது, அதனால் எல்லாவற்றுக்கும் கை இருக்கிறது, தோளைத் தட்டினால் சூப்பர்வைசர், மூக்குக்குக் கீழே இழுத்தால் பழைய மீசைக்கார மேனேஜர், வேலைக்குச் சேருகிறவன் முதலில் கற்பதே இதைத்தான், எனக்கே அண்ணன்தான் கற்றுக்கொடுத்தார் என்றார். வீட்டில் இப்படிக் கையால் பேச மாட்டாரா என்றும் கேட்டார். கம்பெனிப் பழக்கத்தைச் சட்டையோடு கழற்றி வைத்துவிட்டு வருகிறவர் அவர் என்று மட்டும் சொன்னேன்.

எதிரே இவர் இப்போது உட்கார்ந்துவிட்டார். இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, புரட்டி மாற்றினார். பெஞ்சில் சிரிப்பு நின்றது. அது என்ன என்றேன்.

"அச்சு மாத்தறதுங்க அண்ணி. நீங்க ஊரு மாத்தறத சொல்றாரு." சின்னவர் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதேதான் தெனமும் ஓடுது. அண்ணனுக்குப் போக மனசே இல்லீங்க. உங்ககிட்ட சொல்லலீங்களா?"

சொல்லவில்லை என்றேன். பிறகு ஏன் சரி என்றார் என்று கேட்டேன். அதற்குள் இவர் பெஞ்சில் இன்னொன்று காட்டினார். இடது கையை விரித்துத் தட்டையாக வைத்துக்கொண்டு, வலது கையின் இரண்டு விரலை அதிலிருந்து நடத்தி வெளியே கொண்டுபோனார். வெறுமையான உள்ளங்கையை மட்டும் எல்லோருக்கும் காட்டினார்.

"அது ஆளில்லாத மெஷினு," என்றார் சின்னவர். "ஆபரேட்டர் இல்லாம சும்மா நிக்குதுன்னு சொல்றது. உங்களத்தான் சொல்றாரு அண்ணி. அவளுக்கு இங்க பேச ஆளில்ல, நான் கூட இருந்தும் ஆளில்ல, அதுக்குத்தான் போறன்னு சொல்றாரு."

போனைச் சின்னவரிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் கோபம். யார் மேல் என்றால் சொல்லத் தெரியாது. என் வீட்டுச் சமாசாரம், என் முட்டி வலி, என் தனிமை எல்லாம் கம்பெனி ரோட்டுப் பெஞ்சுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு என்ன குறை என்று நான் சொல்லாமலே இவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் இதை எங்கே போய் வைத்துக்கொள்வது?

சாப்பாட்டுக்கு வந்தார். தட்டை வைக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, போக இஷ்டமில்லை என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தலையாட்டப் பார்த்தார். அந்த ஆட்டல் வேண்டாம் என்று தாடையைப் பிடித்து நிறுத்தினேன். அதற்கப்புறம்தான் பேசினார், தெருவுக்கே கேட்கிற அந்தக் குரலில்.

"நான் முப்பது வருசம் வேணுங்கற மட்டும் பேசிட்டன். நீ பேசவே இல்ல. அங்க போனா நீ பேசு. நான் நாற்காலில உக்காந்துக்கறன்."

எதிர் வீட்டுப் பையன்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன், விட்டுக்கொடுப்பது எனக்குச் சுலபமாக இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றுதான், அது இருக்கிற ஊர்தான் வேறு வேறு. நான் மட்டும் கல்லாவிக்குப் போனால் என்ன என்றுகூட நினைத்தேன். ஊர் வாய் பேசிவிட்டுப் போகட்டும், அது எனக்குப் பெரிசில்லை. ஆனால் அங்கே தங்கையிடம் பேசிப் பேசி நான் எதைச் சொல்வேன்? இவரைப் பற்றித்தான் சொல்வேன். அந்தப் பெஞ்சில் இவர் பேசினதும் என்னைப் பற்றித்தான். இத்தனை வருஷம் ஒரு கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, அவரவர் குறையை வேறு ஆட்களிடம் சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறோம். கல்லாவியில் அந்த நாற்காலியில் இவரை உட்கார வைத்தால் இவர் இருக்கிற மட்டும் சேவல் வாங்கிக்கொண்டு இருப்பார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு ருசியாகச் சண்டை போட முடியாது. எனக்காவது வாயும் இருக்கிறது காதும் இருக்கிறது, புதிதாக எதையும் கற்கலாம். அவருக்கு இனிமேல் வேறு பாஷை வராது.

தங்கைக்குப் போன் போட்டேன். அவர் எதிரே பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். வீட்டை வேறு யாருக்காவது விட்டுவிடு, நாங்கள் வரவில்லை என்றேன். சுண்ணாம்பு அடிச்சு, நாள் பார்த்து, ஊரெல்லாம் சொல்லி, இப்ப வந்து இப்படிச் சொல்றியே என்று அவள் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கோபம் நியாயம்தான், அவளும் ஆளில்லாமல்தானே என்னைக் கூப்பிட்டாள். திட்டி முடிகிற வரை கேட்டேன். மாமாவுக்கு இங்கே பேச்சுத்துணை இருக்கிறது, அதைப் பிடுங்கிக்கொண்டு வர முடியாது என்றேன்.

"செரி, மாமாவுக்கு ஆளிருக்குது. உனக்கு யார்க்கா இருக்கறாங்க?" என்றாள்.

அவர் பூண்டை வைத்துவிட்டு என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவருக்குத் தெரியும்படி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"எனக்கு இந்த ஆளுதான்."

அவர் தலையாட்டவில்லை. இரண்டு கையையும் தூக்கி என்னைப் பார்த்து எதையோ காட்டினார். எனக்கு அது தெரியவில்லை. தங்கையிடம் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, மெதுவாகக் காட்டுங்க என்றேன்.